பக்கக் கண்ணாடி மடங்கினால் மட்டும் போதுமா? கைக்கண்ணாடியோடு கார் ஓட்டிய டோரத்தி லெவிட்டின் கதை

காரை நிறுத்திவிட்டு இறங்கி, சாவியில் இருக்கும் பட்டனை அழுத்துகிறீர்கள். கதவுகள் பூட்டிக்கொள்கின்றன. கூடவே இரண்டு பக்கக் கண்ணாடிகளும் தானாக மடங்கிக்கொள்கின்றன. குறுகலான தெருவில் வண்டியை நிறுத்துபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பைக்கில் போகிறவர் இடித்துவிடுவாரோ, ஆட்டோ உரசிவிடுமோ என்ற கவலை குறையும்.

விலை கூடிய வேரியன்ட் வாங்கினால் கம்பெனியே இந்த வசதியைக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே வாங்கியவர்கள் ஆக்சசரி கடையில் தனியாகப் போட்டுக்கொள்கிறார்கள். கம்பெனி தராததை ஓட்டுபவரே சேர்த்துக்கொள்வது ஏதோ இப்போது வந்த பழக்கம் இல்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியே காருக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அந்தக் கதையில் தவிர்க்க முடியாத ஒரு பெயர் டோரத்தி லெவிட். பந்தயக் கார் ஓட்டியவர், பத்திரிகையில் எழுதியவர், 40 வயதில் தனியாக இறந்துபோனவர். பக்கக் கண்ணாடியை மடக்க மோட்டார் போடுவதற்கு முன், அந்தக் கண்ணாடி எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்ள இவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

யார் இந்த டோரத்தி லெவிட்?

1882 ஜனவரியில் லண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் எலிசபெத் லெவி. பின்னாளில் குடும்பப் பெயர் லெவிட் ஆனது, எலிசபெத் டோரத்தி ஆனார்.

பணக்கார வீட்டுப் பெண் பொழுதுபோக்குக்காகக் கார் ஓட்டினார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வேலைக்குப் போனவர். பிரிட்டனில் கார் தயாரித்துக்கொண்டிருந்த நேப்பியர் நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்தார். அங்கேதான் செல்வின் எட்ஜைச் சந்தித்தார். எட்ஜ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். நேப்பியர் கார்களைப் பந்தயத்தில் ஓட்டுவதும், அந்தப் பெயரை வைத்து விற்பதும் அவர் வேலை.

அப்போது பிரான்ஸில் கமீல் டு காஸ்ட் என்ற பெண் பந்தயங்களில் கார் ஓட்டிப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். பிரிட்டனிலும் ஒரு பெண் பந்தயக் கார் ஓட்டினால் விளம்பரத்துக்கு எவ்வளவு நல்லது என்று எட்ஜ் கணக்குப் போட்டார். அந்தக் கணக்குக்குள் வந்தவர்தான் லெவிட்.

தொடங்கியது விளம்பரத்துக்காக. ஆனால் லெவிட் அதை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டக் கற்றார். பிறகு பாரிஸுக்குப் போய், கார் எப்படித் தயாராகிறது, எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கற்றுவந்தார். வண்டி நடுவழியில் நின்றால் தானே இறங்கிப் பார்க்கிற அளவுக்குத் தேறினார். அரசி அலெக்சாண்ட்ராவுக்கும் இளவரசிகளுக்கும் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் என்ற பெயரும் பின்னர் அவருக்கு வந்தது.

அப்போது சாலை எப்படி இருந்தது?

இதைப் புரிந்துகொள்ளாமல் கண்ணாடியின் கதை புரியாது. பிரிட்டனில் 1904 ஜனவரி முதல் புதிய மோட்டார் கார் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிகபட்ச வேகம் மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர். நம்பர் பிளேட் கட்டாயம். ஓட்டுநர் உரிமம் கட்டாயம். கட்டணம் 5 ஷில்லிங். ஆனால் உரிமம் வாங்க எந்தப் பரீட்சையும் கிடையாது. ஓட்டிக் காட்டித் தேற வேண்டும் என்ற விதி அங்கே கட்டாயமானது 1935ல்தான்.

யோசிச்சுப் பாருங்க. கூரை இல்லாத திறந்த கார். காதை அடைக்கும் எஞ்சின் சத்தம். முன்னால் குதிரை வண்டி, பக்கத்தில் சைக்கிள். பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் உடம்பைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். உடம்பு திரும்பினால் ஸ்டியரிங்கில் இருக்கும் கையும் கூடவே கொஞ்சம் திரும்பும். அந்த ஒன்றிரண்டு விநாடிக்கு முன்னால் இருக்கும் சாலையைப் பார்க்க ஆள் இல்லை.

எண்களில் லெவிட்

1903ல் இங்கிலாந்தின் சவுத்போர்ட் வேகப் போட்டியில் தன் பிரிவில் லெவிட் வென்றார். பொதுப் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் பிரிட்டிஷ் பெண் என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. அதே ஆண்டு நவம்பரில் லண்டன் ஹைட் பார்க்கில் அதிவேகமாக ஓட்டியதாக வழக்கு. 5 பவுண்டு அபராதம்.

1905 மார்ச்: லண்டனிலிருந்து லிவர்பூல் வரை ஒரு சிறிய டி டியோன் காரில் பயணம். 205 மைல், அதாவது சுமார் 330 கிலோமீட்டர். சுமார் 11 மணி நேரம். உதவிக்கு மெக்கானிக் கிடையாது. கூட இருந்தவர் பயணத்தைப் பதிவு செய்ய வந்த ஒரு பார்வையாளர். அப்புறம் டோடோ என்ற குட்டி நாய். அந்தக் காலத்தில் நீண்ட பயணம் என்றாலே கூட ஒரு மெக்கானிக் போவது வழக்கம். லெவிட் அதை உடைத்தார்.

1905 ஜூலை, பிரைட்டன் வேகப் போட்டி: 80 குதிரைத்திறன் நேப்பியர் காரில் மணிக்கு 79.75 மைல். நம் கணக்கில் சுமார் 128 கிலோமீட்டர். தொழில்முறை ஓட்டுநர்கள் பலரை அவர் பின்னால் விட்டார்.

1906, பிளாக்பூல்: மணிக்கு 90.88 மைல், சுமார் 146 கிலோமீட்டர். பெண்களுக்கான உலக வேக சாதனையாக அது பதிவானது. அந்த ஓட்டத்தின் நடுவே பானெட்டின் முன்பகுதி கழன்று ஆடத் தொடங்கியது. காற்றின் வேகத்தில் அது பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் அவர் தலைக்கே ஆபத்தாக முடிந்திருக்கும். அதே ஆண்டு ஷெல்ஸ்லி வால்ஷ் மலையேற்றப் போட்டியில் அவர் வைத்த பெண்கள் சாதனை 1913 வரை நின்றது.

சட்டம் அனுமதித்த சாலை வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். பந்தயத் தடத்தில் இவர் தொட்டது அதைப்போல நான்கரை மடங்கு. இந்த ஒப்பீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்று பிறகு எழுதியவர் பயந்து பயந்து ஓட்டியவர் அல்ல.

திறக்காத வாசல்

1907ல் லண்டனுக்கு அருகே புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. கார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டது. லெவிட் விண்ணப்பித்தார். பெண் என்பதால் அனுமதி கிடைக்கவில்லை. அவரை வளர்த்துவிட்ட எட்ஜ் அதே ஆண்டு அதே தடத்தில் 24 மணி நேரம் ஓட்டிச் சாதனை படைத்தார்.

வாசல் மூடியிருந்ததால் லெவிட் வெளியே போனார். ஜெர்மனியில் நடந்த ஹெர்கோமர் போட்டியில் 1907ல் கலந்துகொண்டார். 170க்கும் மேற்பட்டவர்கள் ஓட்டிய அந்தப் போட்டியில் அவருக்கு நான்காம் இடம். புரூக்லேண்ட்ஸில் 1908ல் பெண்களுக்கென ஒரு பந்தயம் நடத்தினார்கள். அதில் வென்றவர் மியூரியல் தாம்சன். லெவிட் அதில் ஓட்டவில்லை.

சீட்டுக்கு அடியில் ஒரு டிராயர்

பந்தயத்தைவிட நீண்ட ஆயுள் கிடைத்தது அவர் எழுத்துக்குத்தான். ‘தி கிராஃபிக்’ பத்திரிகையில் கார் ஓட்டுவது பற்றித் தொடர்ந்து எழுதினார். 1909ல் அது புத்தகமானது. பெண்களும் கார் ஓட்டலாம், ஓட்டக் கற்கலாம், பழுது பார்க்கலாம் என்று சொல்லும் கையேடு. படங்களோடு வந்தது. எஞ்சினைக் கிளப்புவது, எண்ணெய் ஊற்றுவது, எந்தச் சத்தம் வந்தால் எங்கே பார்ப்பது என எல்லாம் அதில் உண்டு.

அவர் ஓட்டிய காரில் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன டிராயர் இருந்தது. அதில் என்னென்ன வைத்துக்கொள்ளலாம் என்று பட்டியல் போடுகிறார்: கையுறை, கைக்குட்டை, முகத்திரை, பவுடர் பஃப், கொஞ்சம் சாக்லேட். தனியாக நெடுஞ்சாலையில் போகும் பெண்ணுக்கு ஒரு கைத்துப்பாக்கியும் நல்லது என்கிறார். இந்தப் பட்டியலில் ஒரு கைக்கண்ணாடியும் இருக்கிறது.

மேலோட்டமாகப் படித்தால் முகம் பார்க்கத்தான் என்று தோன்றும். முகம் பார்க்கவும்தான், தூசி நிறைந்த பயணம் முடிந்ததும் அது தேவைப்படும். ஆனால் அதோடு நிற்கவில்லை. வண்டி ஓடும்போதும் கண்ணாடியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கச் சொல்கிறார். நெரிசலில் அவ்வப்போது அதைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். திரும்பிப் பார்ப்பதில் இருக்கும் ஆபத்துக்கு அவர் கண்ட வழி இது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ரியர் வியூ மிரரைக் கண்டுபிடித்தவர் லெவிட் என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி சுற்றும். அது முழு உண்மை அல்ல. அவர் எந்தக் கருவியையும் செய்யவில்லை, காப்புரிமையும் வாங்கவில்லை. அதற்கு முன்பே சிலர் வண்டியில் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். லெவிட் செய்தது வேறு. சாதாரணமாகச் சாலையில் ஓட்டும் ஒருவருக்கு, பின்னால் பார்ப்பதும் ஓட்டுவதில் ஒரு பகுதி என்று அச்சில் சொல்லிக் கொடுத்தார். பொருளைவிட, அதைப் பார்க்கும் பழக்கத்தைத்தான் அவர் எழுதினார்.

இன்னொன்றும் கவனியுங்க. அந்தக் கைக்கண்ணாடி டிராயரிலிருந்து வெளியே வரும், வேலை முடிந்ததும் உள்ளே போகும். மடங்கி விரியும் இன்றைய கண்ணாடி செய்வதும் இதைத்தான். அன்று அதற்கு மோட்டார் லெவிட்டின் கை.

இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவில்

லெவிட்டின் புத்தகம் வந்து இரண்டு ஆண்டுகளில், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அதே பிரச்சினை பந்தயத் தடத்தில் எழுந்தது. 1911 மே 30, முதலாவது இண்டியானாபோலிஸ் 500. 500 மைல் பந்தயம், செங்கல் பதித்த தடம், 40 கார்கள். ஒவ்வொரு காரிலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்காருவது வழக்கம். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலைதான்.

ரே ஹாரூன் என்ற எஞ்சினியர் ஓட்டிய மார்மன் வாஸ்ப் காரில் ஒரே ஒரு சீட். எடையும் காற்றுத் தடையும் குறையட்டும் என்று அப்படிச் செய்திருந்தார்கள். பின்னால் பார்க்க ஆள் இல்லாத கார் ஆபத்து என்று மற்ற ஓட்டுநர்கள் புகார் சொன்னார்கள். ஹாரூன் காரின் முன்பக்கம் கம்பி நட்டு ஒரு கண்ணாடியைப் பொருத்தினார். மணிக்குச் சராசரியாக 74.6 மைல் வேகத்தில் ஓட்டி, 6 மணி 42 நிமிடத்தில் பந்தயத்தையும் வென்றார்.

ரியர் வியூ மிரரின் வரலாறு என்றால் பலரும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் பின்னாளில் ஹாரூனே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். செங்கல் தடத்தில் வண்டி குலுங்கிய குலுங்கலில் கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரியவில்லையாம். புகாருக்குப் பதிலாகக் கண்ணாடி பொருத்தப்பட்டது, ஆனால் கண்ணாடியின் வேலை நடக்கவில்லை.

வண்டியில் கண்ணாடி இருப்பது வேறு, அதில் பார்ப்பது வேறு. லெவிட்டின் கதையையும் ஹாரூனின் கதையையும் பக்கத்தில் வைத்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கடைசி ஆண்டுகள்

புத்தகம் வந்த காலத்தில் லெவிட் விமானம் ஓட்டக் கற்கவும் முயன்றார்; அதற்காகப் பிரான்ஸுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் பெயர் செய்தித்தாள்களில் அநேகமாகக் காணாமல் போகிறது. பத்தே ஆண்டுக்குள் வேக சாதனை, நீதிமன்றம், புத்தகம் என்று எல்லாப் பக்கமும் இருந்தவர் திடீரென்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

1922 மே மாதம் லண்டனின் மேரிலிபோன் பகுதியில் தன் அறையில், படுக்கையில் இறந்து கிடந்தார். வயது 40. இதய நோயும் அம்மையும் இருந்த நிலையில் மார்ஃபின் விஷமானதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அது தற்செயலாக நேர்ந்த மரணம் என்று முடிவு செய்தார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்து சுமார் 224 பவுண்டு. அது சகோதரிக்குப் போனது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1921ல், அமெரிக்காவில் எல்மர் பெர்கர் காருக்கான பின்பார்வைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கண்ணாடி பொருளாகிக் கடைக்கு வந்தபோது அதைப் பழக்கமாகச் சொல்லிக் கொடுத்தவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கையிலிருந்து மோட்டாருக்கு

பக்கக் கண்ணாடி எல்லாக் கார்களுக்கும் உடனே வந்துவிடவில்லை. பல காலம் அது கூடுதல் செலவாகத்தான் இருந்தது. தொலைவில் போக வேண்டாம்: 2009ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த டாடா நானோவின் அடிப்படை மாடலில் ஓட்டுநர் பக்கம் மட்டும்தான் கண்ணாடி. இடது பக்கம் கிடையாது. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்றாகக் கண்ணாடி இருந்திருக்கிறது.

மோட்டாரால் மடங்கும் கண்ணாடி 1980களில் ஜப்பானில் வந்தது. 1984ல் நிசான் லாரல் காரில் அந்த வசதி இருந்தது. குறுகிய தெருக்களும் இறுக்கமான பார்க்கிங்கும் உள்ள நாட்டில் அது முதலில் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது? கண்ணாடியின் அடிப்பகுதியில் 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன மோட்டாரும், அதன் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் பற்சக்கரங்களும் இருக்கும். மின்சாரம் ஒரு திசையில் போனால் மடங்கும், எதிர்த்திசையில் போனால் விரியும். எல்லையைத் தொட்டதும் மோட்டார் திணறும். அப்போது மின்னோட்டம் கூடும். அதை உணர்ந்து சர்க்யூட் நிறுத்திவிடும். யாராவது இடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்க ஒரு கிளட்ச்சும் உண்டு.

கடைகளில் தனியாகப் பொருத்தும் ஆட்டோ ஃபோல்டு மாட்யூல், கதவு பூட்டும்போதும் திறக்கும்போதும் வரும் சிக்னலைப் பிடித்து, உங்கள் கை பட்டனை அழுத்துவதற்குப் பதிலாகத் தானே மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும். அவ்வளவுதான்.

உங்கள் காரில் பொருத்துவதாக இருந்தால்

முதலில், உங்கள் கண்ணாடிக்குள் மடக்கும் மோட்டார் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பட்டன் அழுத்தினால் மடங்குகிறது என்றால் மாட்யூல் மட்டும் போதும். கையால்தான் மடக்க முடியும் என்றால் கண்ணாடிப் பகுதியையே மாற்ற வேண்டும். ஒயரும் இழுக்க வேண்டும். செலவு பல மடங்கு வித்தியாசப்படும்.

இரண்டாவது, ஒயரை வெட்டாமல் கப்ளரில் செருகும் வகையைக் கேளுங்கள். ஒயரை வெட்டி ஒட்டினால் மின்சாதனங்களுக்கான வாரன்டியில் சிக்கல் வரலாம். சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, மடங்குவதை மட்டும் சோதித்துப் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். விரிவதையும் பாருங்கள். காரைத் திறந்ததும் இரண்டும் முழுசா விரிகிறதா, அதே கோணத்துக்கு வருகிறதா, பத்து முறை செய்தாலும் அப்படியேதானா? பாதி விரிந்த கண்ணாடி, கண்ணாடியே இல்லாததைவிட மோசம். அது காட்டுவதை நம்பி நீங்கள் லேன் மாறிவிடுவீர்கள்.

நான்காவது, கிளம்பும் முன் கோணத்தைச் சரிபாருங்கள். உங்கள் காரின் ஓரம் கொஞ்சமாகத் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் சாலையாக இருக்கட்டும். பக்கக் கண்ணாடி குவி ஆடியாக இருந்தால் வருகிற வண்டி நிஜத்தைவிடச் சின்னதாகவும் தள்ளியும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

எதற்காக இவ்வளவு?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்குச் சராசரியாக சுமார் 460 பேர். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கார் ஓட்டும் உங்களுக்கு இடது பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கணம் தெரிந்து மறைகிறாரே, அவரும் இருசக்கர வாகனத்தில் போகிறவர்தான்.

நெரிசலில் உரசிவிடும் என்று இடது கண்ணாடியை மடக்கி வைத்தபடியே ஓட்டுபவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். நிறுத்தும்போது மடக்குவது கண்ணாடியைக் காப்பாற்ற. ஓட்டும்போது விரித்து வைப்பது ஆளைக் காப்பாற்ற. முதலாவதை இப்போது ஒரு சின்ன மோட்டார் செய்துவிடுகிறது. கண்ணாடி விரிந்த பிறகு அதில் பார்ப்பதற்கு எந்தக் கடையிலும் மாட்யூல் கிடையாது. 1909ல் ஒரு கையில் ஸ்டியரிங்கையும் மறு கையில் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு லெவிட் செய்த அந்த வேலையை, இன்றும் நீங்கள்தான் செய்ய வேண்டும்.